கூடாரக் கயிறும் நகர்முடிச்சும்



கூடாரம் என்பது ஒரு சிறிய வீடு. அதன் சுவர் துணி. அதன் தூண் மெல்லிய கோல். அவ்வீட்டுக்கு அடித்தளம் கிடையாது. அதனை நிலத்தோடு பிணைத்து நிற்கச் செய்பவை நான்கைந்து கயிறுகளும், அவற்றின் முனையில் நாம் போடும் முடிச்சுகளுமே. முடிச்சு நழுவினால் கயிறு தளரும். கயிறு தளர்ந்தால் துணி படபடக்கும். துணி படபடத்தால் முளை பிடுங்கிக்கொள்ளும். பிறகு நள்ளிரவில் மழைக்கு நடுவே உறங்கும் பிள்ளைகள் மீது கூடாரம் சரியும். ஆகவே, முடிச்சு என்பது விளையாட்டுப் பொருளன்று. அது பாதுகாப்புக் கருவி.

சாரணர் முகாமுக்குச் செல்லும் மாணவர்க்கு மட்டுமே இப்பாடம் பயன்படும் என்று எண்ணிவிடலாகாது. தோட்டத்தில் கூரைத் தகரம் பறந்த வீட்டின் மேல் தார்ப்பாய் கட்டுவோர்க்கும், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுவோர்க்கும், தீபாவளிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் கூடாரம் அமைத்து வணிகம் செய்வோர்க்கும் இது பயன்படும். காற்று வீசும்போது முடிச்சை அவிழ்க்காமலே கயிற்றை இறுக்கவும் தளர்த்தவும் உதவும் ஒரு முடிச்சை இங்கே கற்போம்.

நம் வட்டாரத்தின் காற்றும் மழையும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மழைக்குப் பஞ்சமில்லை. இரண்டு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களாகிய ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் ஆகியவற்றில் காலை முழுதும் வெயில் காயும். பிற்பகலில் மேகம் திரண்டு இடியும் மின்னலுமாகப் பெருமழை கொட்டும். தீபாவளி பெரும்பாலும் இம்மாதங்களிலேயே வருகின்றது. கடைத்தெருக் கூடாரங்கள் காற்றில் அல்லற்படுவதற்கு இதுவே காரணம்.

தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் வேறொரு காற்று உண்டு. இரவு நேரத்தில் மலாக்கா நீரிணைக்கு மேல் இடிமேகங்கள் வரிசையாக உருவாகி, விடியற்காலையில் நம் மேற்குக் கரையை வந்து தாக்கும். இதனை வானிலை அறிஞர்கள் 'சுமத்ரா' என்றே பெயரிட்டு வழங்குகின்றனர். மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இக்காற்று திடீரென வீசுவதுண்டு. கடலை அடுத்துள்ள கிள்ளான் வட்டாரம் இதன் வேகத்தை முதலில் உணரும். முகாமில் பிள்ளைகள் அயர்ந்து உறங்கும் நேரமும் இதுவே என்பதை நாம் மறத்தலாகாது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது கூடாரத்தைத் தள்ளும் விசை இரு மடங்காவதில்லை; நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். எனவே, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் மாலைக் காற்றில் அசையாது நின்ற கூடாரம், மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் ஒன்பது மடங்கு விசையைத் தாங்க வேண்டியதாகிறது. மாலையில் நன்றாகத்தானே நின்றது என்று இரவில் அமைதியாக இருந்துவிட முடியாது.

கயிறு ஏன் இறுகுகிறது, ஏன் தளர்கிறது?

பருத்தி, சணல், மணிலா நார் ஆகியவற்றால் முறுக்கப்பட்ட கயிறு மழையில் நனைந்தால் அதன் இழைகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. இழைகள் பருக்கும்போது முறுக்கு இறுகி, கயிறு நீளத்தில் குறுகுகிறது. துணி உலர்த்தும் பருத்திக் கயிறு மழையில் நனைந்தபின் விறைத்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பழைய கேன்வாஸ் கூடாரங்களில் இத்தகைய கயிறுகளே இருந்தன. அதனால், மழை வருமுன் கயிறுகளைச் சற்றே தளர்த்திவிட வேண்டும் என்பது அக்காலச் சாரணர்களின் வழக்கம். தளர்த்தாவிடில், குறுகும் கயிறு முளையைப் பிடுங்கும் அல்லது துணியைக் கிழிக்கும்.

நைலானோ இதற்கு நேர்மாறானது. நனைந்தால் சற்று நீளும், இழுத்தாலும் நீளும். நைலான் துணியும் ஈரத்தில் தொய்யும். இக்காலக் கூடாரங்கள் பலவற்றின் துணி செயற்கை இழையால் ஆனது. ஆதலால் மழை பெய்யும்போது அவற்றின் கயிறுகளை இறுக்க வேண்டிய தேவை எழுகின்றது.

கயிறு எவ்வகையினதாயினும், வானிலை மாறும்போது அதன் இறுக்கமும் மாறுகிறது என்பது தெளிவு. இறுக்கத்தை மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் நனைந்த முடிச்சை நகத்தால் கிள்ளி அவிழ்த்து, காற்றில் துடிக்கும் கயிற்றை மீண்டும் கட்டுவது இருளில் இயலாத காரியம். அவிழ்க்காமலே நகர்த்தக்கூடிய முடிச்சு தேவைப்படுவது இதனால்தான்.

நகர்முடிச்சு

ஆங்கிலத்தில் 'டாட் லைன் ஹிட்ச்' எனப்படும் இம்முடிச்சை நாம் இப்பாடத்தில் நகர்முடிச்சு என்று அழைப்போம். கையால் பற்றித் தள்ளினால் நகரும். கயிற்றை இழுத்தால் நகராது பிடித்துக்கொள்ளும். இதுவே அதன் சிறப்பு.

முடிச்சுக் கலையைப் பேணி வளர்த்தவர்கள் கடலோடிகள். அமெரிக்கராகிய கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் 3,800க்கும் மேற்பட்ட முடிச்சுப் பதிவுகள் உள்ளன. கூடாரக் கயிற்றுக்கு உரிய நகரும் முடிச்சுகளும் அவற்றுள் இடம்பெற்றுள்ளன. பேடன் பவல் 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமிலிருந்து சாரணர் இயக்கம் தோன்றியது. மறு ஆண்டே, 1908இல், அவ்வியக்கம் பினாங்கில் கால்வைத்தது. அன்று முதல் முடிச்சுப் பயிற்சி நம் நாட்டுச் சாரணர்க்குரிய அடிப்படைப் பாடமாகத் திகழ்கின்றது. 1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹபிள் தொலைநோக்கியைச் செப்பனிட டிஸ்கவரி விண்கலத்தில் சென்ற விண்வெளி வீரர்களும் இம்முடிச்சைப் பயன்படுத்தினர். முகாமில் பிள்ளை கற்கும் எளிய முடிச்சு விண்வெளியிலும் உதவியதை எண்ணிப் பாருங்கள்!

போடும் முறை

கயிற்றின் இரு பகுதிகளுக்குப் பெயர் சூட்டிக்கொள்வோம். கூடாரத்திலிருந்து முளையை நோக்கி வரும் நீண்ட பகுதி நிலைப்பகுதி. நாம் கையில் பிடித்திருக்கும் முனை ஓடுமுனை.

1. ஓடுமுனையை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, மீண்டும் கூடாரத்தின் பக்கமாகத் திருப்புக. இப்பொழுது முளையைச் சுற்றி ஒரு நீண்ட வளையம் உண்டாகும். முடிச்சுப் போடுவதற்குப் போதிய நீளத்தைக் கையில் வைத்துக்கொள்க.

2. முளையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி, ஓடுமுனையை நிலைப்பகுதியின் மேலாகக் கொண்டுசென்று, அதனைச் சுற்றி வளையத்தின் உள்ளே எடுக்க. இது முதற் சுற்று.

3. அதே திசையில் மேலும் ஒரு முறை சுற்றுக. இந்த இரண்டாம் சுற்று முதற் சுற்றுக்குப் பக்கத்தில், முளை இருக்கும் பக்கமாக அமைய வேண்டும். இரண்டு சுற்றுகளும் வளையத்தின் உள்ளே இருத்தல் வேண்டும்.

4. இனி ஓடுமுனையை வளையத்திலிருந்து வெளியே எடுத்து, முன்னைய இரு சுற்றுகளையும் கடந்து, கூடாரம் இருக்கும் பக்கமாகக் கொண்டுசெல்க. அங்கே அதே திசையில் நிலைப்பகுதியை ஒரு முறை சுற்றி, அம்முனையை அதன் அடியிலேயே நுழைத்து இழுக்க.

5. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிந்திருக்கின்றனவா என்று பார்த்து, முடிச்சை இறுக்குக. ஓடுமுனை ஒரு சாண் நீளமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

முடிச்சு சரிதானா என்று அறிய எளிய சோதனை உண்டு. முடிச்சைக் கைக்குள் பற்றிக் கயிற்றின் மேல் தள்ளுங்கள், நகர வேண்டும். பிறகு கையை எடுத்துவிட்டுக் கூடாரத்துக் கயிற்றை வலுவாக இழுங்கள்; நகரலாகாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அவிழ்த்து மீண்டும் போடுங்கள். பெரும்பாலும் மூன்றாம் சுற்றை எதிர்த்திசையில் சுற்றுவதே பிழையாக இருக்கும்.

இறுக்குவதற்கு முடிச்சைக் கூடாரத்தின் பக்கமாக நகர்த்த வேண்டும். தளர்த்துவதற்கு முளையின் பக்கமாக நகர்த்த வேண்டும். இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிறு கணக்கு

கூடாரத்தின் பக்கமாக நகர்த்தினால் கயிறு ஏன் இறுக வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கயிற்றின் நீளம் 5 மீட்டர் என்று கொள்வோம். கூடாரத்திலிருந்து முடிச்சு வரை 3 மீட்டர். முடிச்சிலிருந்து முளைக்குச் செல்ல 1 மீட்டர். முளையிலிருந்து முடிச்சுக்குத் திரும்ப 1 மீட்டர். ஆக மொத்தம் 5 மீட்டர். கூடாரத்துக்கும் முளைக்கும் உள்ள தூரம் 3ஐயும் 1ஐயும் கூட்டினால் வரும் 4 மீட்டர்.

இப்பொழுது முடிச்சைக் கயிற்றின் மேல் 50 சென்டிமீட்டர் நகர்த்துகிறோம். கூடாரத்திலிருந்து முடிச்சு வரை இனி இரண்டரை மீட்டர். எஞ்சிய இரண்டரை மீட்டர் வளையத்தின் இரு கால்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். ஒவ்வொரு காலும் 1.25 மீட்டர். கூடாரத்துக்கும் முளைக்கும் உள்ள தூரம் 2.50 மீட்டரும் 1.25 மீட்டரும் சேர்ந்து 3.75 மீட்டர். அதாவது, 50 சென்டிமீட்டர் நகர்த்தினால் 25 சென்டிமீட்டர் குறைகிறது. முளை அசையாது நிற்பதால் அக்குறைவே இறுக்கமாக மாறுகிறது. நகர்த்தியதில் பாதியே குறைவதால், சிறிது சிறிதாக, அளவோடு இறுக்க இயலுகிறது.

முடிச்சு பிடித்துக்கொள்வதேன்?

கிள்ளான் துறைமுகத்தில் பெரிய கப்பலைக் கட்டும் வடத்தை இரும்புக் கட்டையின் மேல் சில சுற்றுகள் சுற்றினாலே, பல டன் இழுப்பைச் சில ஆள்கள் தாங்கிக்கொள்ள முடிகின்றது. ஒவ்வொரு சுற்றும் உராய்வைப் பன்மடங்காகப் பெருக்குவதே காரணம். நகர்முடிச்சில் கட்டையின் இடத்தை நிலைப்பகுதி பெறுகிறது. காற்று கயிற்றை இழுக்கும்போது உள்சுற்றுகள் நிலைப்பகுதியைச் சற்று வளைத்துக் கவ்விக்கொள்கின்றன. இழுப்புக் கூடக்கூடக் கவ்வலும் கூடும். கையால் முடிச்சையே பற்றித் தள்ளும்போது அந்த வளைவு நிமிர்கிறது. பிடி தளர்ந்து முடிச்சு வழுக்கிச் செல்கிறது.

முளையைச் சுற்றிய வளையத்தின் இரு கால்களும் சுமையைப் பகிர்ந்துகொள்வதால், முடிச்சின் மேல் விழுவது ஏறத்தாழப் பாதிச் சுமையே. ஆயினும் வழவழப்பான பிளாஸ்டிக் கயிற்றில் இரண்டு உள்சுற்றுகள் போதா. மூன்று போட வேண்டும். பொட்டலம் கட்டும் ராஃபியா நாடாவைக் கூடாரத்துக்குப் பயன்படுத்துதல் கூடாது. அது நீளும், நாராகக் கிழியும், முடிச்சும் நழுவும்.

முளையும் கோணமும்

நல்ல முடிச்சும் தவறான முளையில் பயன்தராது. கயிறு கூடாரத்தில் எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டிருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு தூரம் தள்ளி முளையை அடிக்க வேண்டும். அப்பொழுது கயிறு நிலத்தோடு 45 பாகைக் கோணத்தில் அமையும். முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும். கயிறும் முளையும் ஏறத்தாழச் செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். தலையைக் கூடாரத்தின் பக்கமாகச் சாய்த்து அடித்தால் வளையம் கழன்று மேலே வந்துவிடும்.

மழையில் மண் இளகும் இடத்தில் ஒரு முளை போதாது. அதற்குப் பின்னால், அதே நேர்க்கோட்டில், இன்னொரு முளையை அடித்து, முன் முளையின் தலையைப் பின் முளையின் அடியோடு கட்டுக. தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தரையிலும் முளை அடிக்க இயலாது. கடைத்தெருக் கூடாரங்களுக்கு நீர் நிரப்பிய பீப்பாய்களே முளைகள். 20 லிட்டர் நீர் 20 கிலோகிராம் எடையுடையது. ஒவ்வொரு காலுக்கும் இத்தகைய பீப்பாய்கள் சிலவற்றை வைத்து, அவற்றின் கைப்பிடியில் நகர்முடிச்சால் கட்டலாம். மின்கம்பத்தில் கயிறு கட்டுதல் அறவே கூடாது.

மழைக்கு முன்னும் பின்னும்

கூடாரத்தின் குறுகிய பின்புறம் காற்று வரும் திசையை நோக்கட்டும். வாயில் அதற்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். விடியற்காலைச் சுமத்ரா காற்று மேற்கிலிருந்து வருவதை இங்கே நினைவிற்கொள்க.

எதிரெதிர்க் கயிறுகளை இணையாக, மாறிமாறி, சமமாக இறுக்குக. ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் கோல் வளையும். கயிற்றில் தொய்வு இருந்தால், காற்று வீசும்போது கூடாரம் முதலில் சரிந்து, பிறகு வெடுக்கென்று இழுபடும். அந்த வெடுக்கென்ற இழுப்பே முளையைப் பிடுங்குவது, சீரான இழுப்பன்று.

உறங்கச் செல்லுமுன் ஒரு முறையும், மழை தொடங்கியவுடன் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் பெரியவர் ஒருவர் கயிறுகளைச் சுற்றிப் பார்த்துவர வேண்டும். மின்னல் இருக்கும்போது இதற்காக வெளியே போகலாகாது. கயிறுகளில் வெள்ளைத் துணித்துண்டு கட்டி வைத்தால் இருளில் எவரும் தடுக்கி விழமாட்டார்.

முடிச்சு காக்காதவை

இனிச் சொல்லப்போவது இப்பாடத்தின் மிக முதன்மையான பகுதி. முடிச்சு காற்றிலிருந்து காக்கும், எல்லாவற்றிலிருந்தும் காக்காது.

கூடாரம் இடிமின்னலுக்குப் புகலிடமன்று. இடியோசை கேட்டவுடன் கட்டடத்துக்குள்ளோ மூடிய பேருந்து, காருக்குள்ளோ செல்ல வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடியாகும். மின்னலைக் கண்டபின் 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பது பொருள்.

மரத்தின் கீழ்க் கூடாரம் அடித்தல் கூடாது. ரப்பர் மரம் காற்றில் எளிதில் முறியும் என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளர் நன்கறிவர். ஆற்றோரமும் தாழ்நிலமும் ஆகா. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழையில் கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரங்களில் வெள்ளம் எத்துணை விரைவாக ஏறியது என்பதைப் பல குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை.

மலைச்சரிவின் அடிவாரம் அதனினும் தீது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், பொழுது விடியுமுன், சிலாங்கூரின் பத்தாங் காலியில் மண் சரிந்து முகாமிட்டிருந்தோரின் கூடாரங்களை மூடியது. பிள்ளைகள் உட்பட 31 பேர் உயிரிழந்தனர். எந்த முடிச்சும் அவர்களைக் காத்திருக்க இயலாது. ஆதலால், இடத்தைத் தேர்ந்தெடுப்பதே முதற்பாடம். முடிச்சு இரண்டாம் பாடம். பெற்றோர்களே, பிள்ளையை முகாமுக்கு அனுப்புமுன் முகாம் எங்கே, சரிவு அருகில் உண்டா, மழை வந்தால் ஒதுங்கக் கட்டடம் உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடை சொல்வது எங்கள் கடமை.

தோட்டத்து மக்களின் கயிற்றறிவு

கயிற்றறிவு நம்மவர்க்குப் புதியதன்று. மாட்டைக் கட்டுத்தறியில் கட்டியவர்கள், கட்டைவண்டியில் பாரம் ஏற்றி வரிந்தவர்கள், கிணற்றில் வாளி இறக்கியவர்கள், சேலையில் தூளி கட்டிக் குழந்தையை உறங்கவைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். தூளி கட்டிய தாயின் முடிச்சில் ஓர் உயிர் தொங்கியது; அது நழுவாது என்னும் உறுதி அவளுக்கு இருந்தது. அந்த உறுதி ஏட்டிலிருந்து வந்ததன்று, கைப்பழக்கத்திலிருந்து வந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. தோட்டம் போனதோடு அக்கைப்பழக்கமும் போய்விடலாகாது. பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முழக் கயிற்றைக் கொடுத்து, அவர்கள் அறிந்த முடிச்சுகளைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். நீங்கள் கற்ற நகர்முடிச்சை அவர்களுக்குக் காட்டுங்கள். இரு தலைமுறையின் அறிவும் ஒரே கயிற்றில் சேரட்டும்.

பயிற்சி

1. மேசைக்காலை முளையாகக் கொண்டு நகர்முடிச்சைப் பத்து முறை போடுக. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று முறை போடுக.

2. பருத்திக் கயிறு ஒன்றையும் நைலான் கயிறு ஒன்றையும் ஒரே நீளத்தில் வெட்டி, நீரில் ஊறவைத்து, மீண்டும் அளந்து எழுதுக.

3. கயிற்றின் நீளம் 6 மீட்டர். கூடாரத்திலிருந்து முடிச்சு வரை 4 மீட்டர். முடிச்சைக் கூடாரத்தின் பக்கமாக 40 சென்டிமீட்டர் நகர்த்தினால், கூடாரத்துக்கும் முளைக்கும் உள்ள தூரம் எவ்வளவு குறையும்?

4. முடிச்சு காக்காத ஆபத்துகள் யாவை? ஒவ்வொன்றுக்கும் நாம் செய்ய வேண்டியது யாது?

5. உங்கள் குடியிருப்பில் கூடாரம் அடிக்கத் தகுந்த இடம் ஒன்றையும் தகாத இடம் ஒன்றையும் பெற்றோருடன் சென்று பார்த்து, காரணங்களை எழுதுக.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. காற்று வருமுன் முடிச்சைக் கற்பதும் அத்தகையதே. வெயில் காயும் பகற்பொழுதில் கை பழகிக்கொண்டால், மழை கொட்டும் இருளில் அக்கை தானே வேலை செய்யும்.